ஆலைக்கு ஆலை தனிக்கணக்கு... எண்ணூரின் மொத்தக் கணக்கு யார் கையில்?

எண்ணூர், மணலி, கத்திவாக்கம், அத்திப்பட்டு பக்கம் குடியிருப்பவர்களுக்கு ரொம்ப நாளாகவே ஒரு சந்தேகம் உண்டு. புதுசா ஒரு ஆலை வரும்போதெல்லாம், பாதிப்பு எல்லாம் அளவுக்குள்தான் இருக்கும் என்று அறிக்கை சொல்கிறது. ஆனால் மாடியில் காயப்போட்ட துணியில் சாம்பல் படிகிறது. ஆற்றில் இறங்கினால் இறால் கிடைப்பது குறைந்துபோச்சு.

அப்படின்னா அறிக்கை பொய்யா? பல நேரம் அதுவும் இல்லை. கோளாறு, கணக்கு போடுற விதத்தில் இருக்கிறது.

தண்டல்காரர் கணக்கு

ஒரு குடும்பம் 5 பேரிடம் தண்டல் வாங்கியிருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் தினம் 100 ரூபாய் கட்ட வேண்டும். 'நாள் கூலி 600 ரூபாய் வருது, 100 ரூபாய் கட்ட முடியாதா?' என்று ஒருத்தர் கேட்டால் நியாயமாகத்தான் தெரியும். 5 பேரும் ஒரே சாயங்காலம் வாசலில் வந்து நின்றால்? அடுப்பு எரிய மிச்சம் 100 ரூபாய்தான்.

ஆலைகளுக்கு அனுமதி கொடுக்கிற முறையும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

சட்டம் சொல்வது என்ன?

பெரிய மின் நிலையம், துறைமுகம், ரசாயன ஆலை எதுவானாலும் முதலில் 'சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு' அறிக்கை தயாரிக்க வேண்டும். 1994-ல் இது கட்டாயம் ஆனது. இப்போது நடைமுறையில் இருப்பது 2006 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை. திட்ட இடத்தைச் சுற்றி வழக்கமாக 10 கிலோ மீட்டர் தூரம் வரை காற்று, தண்ணீர், மண்ணை சோதித்து அறிக்கை எழுதுவார்கள். எழுதும் நிறுவனத்துக்கு சம்பளம் கொடுப்பது ஆலை முதலாளிதான்.

இப்போ ஒரு உதாரணக் கணக்கு. காற்றில் மிதக்கும் நுண்தூசி (பி.எம். 10) ஒரு நாளைக்கு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது 2009 முதல் தேசிய அளவு. ஒரு ஊரில் ஏற்கனவே 90 இருக்கிறது. ஒரு ஆலை வந்தால் 6 கூடும். மொத்தம் 96. பாஸ். அதே சமயம் பக்கத்தில் இன்னொரு ஆலை விண்ணப்பம் போடுகிறது. அதனால் 7 கூடும். மொத்தம் 97. அதுவும் பாஸ். இரண்டும் ஓட ஆரம்பித்தால் 103. இப்போ ஃபெயில் ஆனது ஆலைகள் இல்லை, ஊர்தான்!

ஒன்றன் மேல் ஒன்றாக...

எண்ணூர் வட்டாரத்தில் நடந்ததைப் பாருங்கள். மணலியில் 1960-களின் கடைசியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வந்தது. அடுத்து உரத் தொழிற்சாலை. 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம் ஓட ஆரம்பித்து 2017-ல் மூடப்பட்டது. அது மூடினாலும் மற்றவை வளர்ந்துவிட்டன.

வடசென்னை அனல்மின் நிலையம் 1990-களில் 630 மெகாவாட்டில் தொடங்கியது. 2-வது கட்டமாக 1,200 மெகாவாட். 2024 மார்ச்சில் 3-வது கட்டமாக 800 மெகாவாட் தொடங்கி வைக்கப்பட்டது. பக்கத்தில் வல்லூர் அனல்மின் நிலையம் 1,500 மெகாவாட். கூட்டினால் 4,130 மெகாவாட். இதோடு 2001-ல் திறந்த எண்ணூர் துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி துறைமுகம், ராத்திரி பகலாக ஓடும் கண்டெய்னர் லாரிகள்.

ஒவ்வொன்றுக்கும் தனி ஃபைல். மூச்சு விடுகிற ஜனத்துக்கு ஒரே மூக்கு. கொசஸ்தலை ஆற்றுக்கும் ஒரே முகத்துவாரம்.

எங்கே ஓட்டை?

முதல் ஓட்டை, இன்றைக்கு ஓடுகிற ஆலையின் புகை சோதனையில் தெரியும். அனுமதி வாங்கிவிட்டு இன்னும் கட்டி முடிக்காத ஆலையின் புகை தெரியாது.

இரண்டாவது, பெரும்பாலான சோதனைகள் மழை இல்லாத ஒரு பருவத்தில், 3 மாதம் மட்டும் நடக்கும். ஆனால் எண்ணூர் மாட்டிக் கொள்வது மழையில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்க படிந்தது. படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாம் கறுப்பு.

மூன்றாவது, அடுத்தடுத்து வரும் விபத்துகள். 2017 ஜனவரியில் துறைமுகம் அருகே 2 கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023-ல் எண்ணெய் வெள்ளம் வந்த அதே மாதம் 26-ந்தேதி நள்ளிரவு, உர ஆலைக்குப் போகும் கடலடி குழாயில் அமோனியா கசிந்தது. மூச்சுத்திணறி பலர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். விபத்து பற்றி ஒவ்வொரு அறிக்கையிலும் ஒரு அத்தியாயம் உண்டு. அது அந்த ஆலையின் விபத்தை மட்டும்தான் பேசும். ஒரே மாதத்தில் இரண்டு அடி வாங்கும் ஊரைப் பற்றி பேசாது.

ஃபாரத்தில் ஒரு வரி

மொத்த பாதிப்பு என்ற பேச்சே சட்டத்தில் இல்லையா? இருக்கிறது. 2006 அறிவிக்கையின் விண்ணப்ப ஃபாரத்தில், பக்கத்தில் உள்ள, வரப்போகிற திட்டங்களோடு சேர்ந்து பாதிப்பு கூடுமா என்று ஒரு கேள்வி உண்டு. அதற்கு ஆம், இல்லை என்று பதில் எழுதி விவரம் தர வேண்டும். பதில் எழுதுவது விண்ணப்பம் போடுகிறவர்தான்.

மொத்தமாக கணக்கு பார்த்ததும் உண்டு. 2009-ல் மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளை தனித்தனியாக பார்க்காமல் வட்டாரம் வட்டாரமாக மார்க் போட்டது. நாடு முழுக்க 43 இடங்கள் 'மிக மோசமாக மாசுபட்டவை' என்று தெரிந்தது. அதில் மணலியும் ஒன்று. 2010 ஜனவரியில் அந்த இடங்களில் புதிய ஆலைகளுக்கு அனுமதி நிறுத்தப்பட்டது. பிறகு படிப்படியாக தடை விலகியது. ஆலைகளும் வந்தன.

ஆலைகள் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அடுத்தவர் புகைக்கு நாங்கள் எப்படி பொறுப்பு என்று கேட்கலாம். கரண்ட் வேண்டும், வேலை வேண்டும் என்பதும் நிஜம். அதனால்தான் ஊர் தாங்குமா என்ற கணக்கை ஆலையிடம் விடாமல் அரசே போட வேண்டியிருக்கிறது. இந்த ஊர் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகுதான் அடுத்த ஃபைலை பிரிக்க வேண்டும்.

ஜனங்கள் என்ன செய்யலாம்?

கருத்துக்கேட்பு கூட்டத்துக்கு 30 நாள் முன்பே தமிழ் பேப்பரிலும் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். கூட்டத்தை கலெக்டர் அல்லது அவர் சார்பில் வரும் அதிகாரி நடத்துவார். பேசுவது வீடியோவில் பதிவாகும். குறிப்பை கூட்டம் முடிவதற்குள் அங்கேயே தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும்.

அங்கே 'ஆலை வேண்டாம்' என்று கோஷம் போட்டுவிட்டு வந்தால் குறிப்பில் ஒரு வரியோடு போய்விடும். 3 கேள்வி கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். அனுமதி வாங்கி இன்னும் ஓடாத ஆலைகளை சேர்த்தீர்களா? மழைக்காலத்தில் சோதித்தீர்களா? பக்கத்து ஆலையிலும் அதே நாளில் விபத்து நடந்தால் ஜனம் எந்த ரோட்டில் வெளியேறுவது?

அனுமதி கொடுத்துவிட்டால் 30 நாளுக்குள் பசுமை தீர்ப்பாயத்தில் அப்பீல் செய்யலாம். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை அவகாசம் உண்டு. தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

தண்டல்காரர் 5 பேரும் அவரவர் நோட்டில் சரியாகத்தான் எழுதியிருப்பார்கள். 5 நோட்டையும் ஒன்றாக வைத்து கூட்டிப் பார்க்க ஒருத்தர் வேண்டும். எண்ணூருக்கு அந்த ஒருத்தர் இன்னும் வரவில்லை.