பொடி எழுத்து நியாயம்

‘ஏமாறுகிறவன் இருக்கிற வரைக்கும் ஏமாற்றுகிறவனும் இருக்கத்தான் செய்வான்’ என்று ஒரு வசனம் நம்மவரிடையே வெகு காலமாகப் புழங்கி வருகிறது. இதைச் சொல்கிறவர்களின் முகத்தைக் கவனித்திருக்கிறேன். ஏதோ பெரிய தத்துவத்தை உதிர்த்துவிட்ட திருப்தி அதில் தெரியும். எனக்கோ கேட்டாலே எரிச்சல் வருகிறது. திருடனைத் துரத்திக்கொண்டு போன ஊர், பாதி வழியில் திரும்பி வந்து, பறிகொடுத்தவனையே உதைத்த மாதிரி இருக்கிறது இந்த நியாயம்.

என் கட்சிக்குச் சாட்சியாக அமெரிக்காவில் நடக்கும் ஒரு வியாபாரத்தைச் சொல்கிறேன்.

அந்த நாட்டில் மோட்டார் கார் விற்கும் கடைகள் சில, வீடு வீடாகத் தபாலில் வழவழப்பான அட்டைகளை அனுப்புகின்றன. அட்டையில் ஒரு வெள்ளிப் பூச்சு. நகத்தால் சுரண்டினால் ஓர் எண் தெரியும். மேலே அச்சிட்டிருக்கும் எண்ணும் அதுவும் ஒத்துப்போனால் பரிசு! மனிதர் சுரண்டுகிறார், ஒத்துப்போகிறது. எப்படிப் போகாமல் இருக்கும்? பெரும்பாலும் எல்லா அட்டைகளும் ஒத்துப்போகும்படியாகவே அச்சடிக்கப்படுகின்றன.

கீழே பரிசுப் பட்டியல். புதுக் கார், ஆயிரக்கணக்கில் ரொக்கம், பெரிய டெலிவிஷன், கடைசி வரியில் ஏதோ ஒரு சில்லறைச் சாமான். இவற்றில் ஒன்று உங்களுடையது, இன்ன தேதிக்குள் நேரில் வந்து பெற்றுக்கொள்ளுங்கள் என்று அழைப்பு. எது என்பதை அட்டை சொல்லாது. கடையில் மாட்டியிருக்கும் பலகைதான் சொல்லும். போய்ப் பார்த்தால் அந்தக் கடைசி வரிச் சாமான்தான் காத்திருக்கிறது. கார் கிடைக்கும் வாய்ப்பு பல்லாயிரத்தில் ஒன்று என்ற உண்மை, அட்டையின் முதுகில், எறும்பு ஊர்ந்த தடம்போலப் பொடி எழுத்தில் கிடக்கிறது.

வாசற்படி ஏறியவரைச் சும்மா அனுப்புவார்களா? பழைய காரை மதிப்பிடுகிறோம் என்று சாவியை வாங்கிக்கொள்வார்கள். மொத்த விலையைப் பேசாமல் மாதத் தவணையை மட்டும் பேசுவார்கள். மணிக்கணக்கில் உட்காரவைத்து ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் தீர்ந்தது. வீடு தேடி வந்து விற்கப்படும் சாமானை 3 நாளுக்குள் வேண்டாமென்று சொல்ல அந்நாட்டில் ஒரு மத்திய விதி உண்டு; கார்க் கடையில் போட்ட கையெழுத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

2007-ஆம் வருஷம் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ராஸ்வெல் நகரில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு கார்க் கடைக்காக 50,000 சுரண்டல் சீட்டுகள் அச்சாயின. அவற்றில் ஒன்றே ஒன்றுக்குத்தான் 1,000 டாலர் முதல் பரிசு என்பது ஏற்பாடு. அச்சிட்டவர்கள் செய்த பிழையால் அத்தனை சீட்டுக்கும் முதல் பரிசு விழுந்துவிட்டது! சுரண்டிப் பார்த்த ஜனங்கள் திரண்டு வந்தார்கள். சமாதானமாகக் கடைக்காரர்கள் தர முன்வந்தது, சீட்டுக்கு 5 டாலர் பெறுமானமுள்ள கடைக் கூப்பன். பிழை அச்சகத்துடையதுதான், ஆனால் ஏற்பாடு சரியாக நடந்திருந்தால் மட்டும் என்ன? 49,999 பேர் வெறும் ஆசையைச் சுமந்துகொண்டு கடை வாசலுக்கு வந்திருப்பார்கள். அதற்காகத்தானே அந்தச் செலவு!

இது வேடிக்கை. அடுத்தது வேடிக்கை அல்ல. 2020-இல் கொரோனா நோயினால் வேலை இழந்த லட்சக்கணக்கானவர்கள் சர்க்காரின் நிவாரணப் பணத்தை எதிர்பார்த்துக் கிடந்தார்கள். அந்தச் சமயத்தில் ப்ளோரிடா மாநிலத்தில் பல வீடுகளுக்கு நிவாரணத் திட்டம் என்ற பெயரோடு, அசல்போலவே தோன்றும் காசோலையோடு கடிதங்கள் வந்தன. சொன்ன இடத்துக்குப் போனால் அங்கே நடந்தது கார் விற்பனை! அனுப்பியது லூயிசியானாவிலுள்ள ஒரு விளம்பர நிறுவனம். மத்திய வர்த்தகக் கமிஷன் வழக்குத் தொடுத்து, 2021 அக்டோபரில், அந்நிறுவனமும் அதன் முதலாளியும் 20 வருஷங்களுக்குக் கார் விளம்பரத் தொழிலிலும் விற்பனையிலும் தலைகாட்டக் கூடாதென்று உத்தரவு போட்டது. பொய்ப் பரிசு அட்டைகளும் அந்த வழக்கில் ஒரு குற்றச்சாட்டு.

இப்போது சொல்லுங்கள், அந்தக் கடிதத்தைப் பிரித்தவனுக்குப் பேராசையா? சர்க்கார் கொடுப்பதாகச் சொன்ன பணத்தை அவன் எதிர்பார்த்தது தவறா?

“பின்பக்கத்தில்தான் எல்லாம் போட்டிருக்கிறதே, படிக்காதது யார் குற்றம்?” என்று கேட்கிறார்கள். நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். பொய் சொல்வது எப்படி என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். ஆனால் ‘இது கதை’ என்று முன்பக்கத்திலேயே சொல்லிவிட்டுத்தான் என் பொய்யை ஆரம்பிக்கிறேன். இவர்கள் பொய்யைப் பெரிய எழுத்தில் அச்சடித்துவிட்டு, உண்மையை யார் கண்ணிலும் படாத மூலையில் ஒளித்து வைக்கிறார்கள். படிக்கப்படக் கூடாது என்ற எண்ணத்தோடு அச்சிட்ட உண்மை, பொய்க்குத் துணை போகிற உண்மைதான். நாளைக்குக் கோர்ட்டில் காட்டுவதற்காக மட்டுமே அது அங்கே இருக்கிறது.

நம்முடைய வசனத்துக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1937-இல் பதில் சொல்லிவிட்டது. கலைக்களஞ்சியத் தொகுதிகள் இலவசம், கூட வரும் அனுபந்தங்களுக்கு மட்டுமே பணம் என்று சொல்லி, இரண்டுக்குமாகச் சேர்த்துக் காசு வாங்கிய வியாபாரிகளின் வழக்கு அது. விவரம் தெரிந்தவனுக்கு இந்தப் புரட்டு விளங்கிவிடும் என்பதால் குற்றம் இல்லாமல் போகாது; சந்தேகப்படுகிறவனைப் போலவே நம்புகிறவனையும் காப்பாற்றத்தான் சட்டம் இருக்கிறது என்ற பொருளில் நீதிபதி ஹியூகோ பிளாக் தீர்ப்பெழுதினார்.

நம்புகிறவன்! அவனைத்தான் நாம் முட்டாள் என்கிறோம். அச்சில் வந்த எழுத்தை, தன் பெயருக்கு வந்த கடிதத்தை நம்புகிறவன் இருப்பதால்தான் தபால் நடக்கிறது, பத்திரிகை நடக்கிறது, யோக்கியமான வியாபாரமும் நடக்கிறது. இரண்டு தடவை ஏமாந்தவன் மூன்றாவது தடவை வரும் உண்மையான நிவாரணக் கடிதத்தையும் கிழித்துப் போடுவான். அந்த நஷ்டத்தை எந்தக் கார்க் கடைக்காரர் கட்டிக்கொடுப்பார்?

இந்த அட்டைகளை அச்சிடுகிறவர்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். முதுகில் இருப்பதை முகத்துக்குக் கொண்டுவாருங்கள். ‘உங்களுக்கு ஒரு சில்லறைச் சாமான் நிச்சயம், கார் பல்லாயிரத்தில் ஒருவருக்கு, வந்தால் எங்கள் காரை உங்கள் தலையில் கட்டப் பார்ப்போம்’ என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். அதையும் படித்துவிட்டு வருகிறவரை நான் ஒரு வார்த்தை பரிந்து பேசமாட்டேன். ஒருவரும் வரமாட்டார்கள் என்கிறீர்களா? அப்படியானால், இதுவரை வந்தவர்கள் எதை நம்பி வந்தார்கள் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கிறது.