கடல் கடந்த வாரிசின் பங்கு: எமது நிலைப்பாடு

தென்பெண்ணைக் கரையிலுள்ள மூங்கில்துறைப்பட்டில், கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் குடும்பங்களிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிச் சென்ற ஆண்மக்களும், மணமாகி அயல்தேசங்களில் குடியேறிய பெண்மக்களும், தகப்பனார் காலமான பின் பூர்வீக நிலத்தில் தமக்குள்ள பாத்தியதை யாது என்று எம் சங்கத்தை வினவி வருவதாலும், அவ்வினா பல வீடுகளில் சகோதர விரோதமாக முற்றி நீதிமன்றம் வரை செல்வதாலும், எம் கருத்தைப் பகிரங்கமாக வெளியிடுவது கடமையெனக் கருதுகிறோம்.

வாரிசு எந்தத் தேசத்தில் வசிக்கிறார் என்பது அவருடைய பங்கை அணுவளவும் குறைக்காது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தை மனைவி, மக்கள், தாய் ஆகியோருக்குப் பகிர்ந்தளிக்கையில் வசிப்பிடத்தை எங்கும் நிபந்தனையாக வைக்கவில்லை. கூட்டுக்குடும்பச் சொத்தில் பெண்மக்களுக்குப் பிறப்புரிமை வழங்கிய 2005ஆம் ஆண்டின் திருத்தம் பொருந்துவதற்கு, அது அமலுக்கு வந்த நாளில் தகப்பனார் உயிரோடிருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட நம்மவர் இங்கே விவசாய நிலத்தை விலைக்கு வாங்க இயலாதே தவிர, பெற்றோரின் நிலத்தை வாரிசாக அடைவதற்குத் தடையில்லை. விற்பதானால் இந்நாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்கே விற்க வேண்டும்.

சட்டம் இவ்வளவு தெளிவாயிருந்தும் அநியாயம் நுழையும் வாயில் வாரிசுச் சான்றிதழே. கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிக்கும்போது, வெளிநாட்டில் இருப்பவரின் பெயரை உடன்பிறந்தாரே சொல்லாமல் விடுவதும், அச்சான்றிதழைக் கொண்டு பட்டா எஞ்சியோர் பெயருக்கு மாறுவதும், அல்லது சில நாள் விடுப்பில் வந்தவரைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று, வாசித்துக் காட்டாமலே, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குவதும் தர்மத்துக்கு முற்றிலும் விரோதமானவை. இதற்கு மாறாக, நெதர்லாந்தில் நோட்டரி ஒருவர், 1918 முதல் பேணப்பட்டுவரும் மத்திய உயில் பதிவேட்டைப் பார்த்து, வாரிசுகள் இன்னார் என்று எழுதிக் கொடுக்கும் பத்திரத்தையே வங்கிகள் பெரும்பாலும் கேட்கின்றன. இங்கும் விசாரணையின்போது அயல்நாட்டிலுள்ள ஒவ்வொரு வாரிசுக்கும் அறிவிப்பு அனுப்பி அவர் மறுமொழியைக் கோப்பில் சேர்க்க வேண்டும் என்றும், பாகம் பிரியும்வரை கூட்டுப் பட்டாவே நிலவ வேண்டும் என்றும் வருவாய்த் துறையை வற்புறுத்துகிறோம்.

ஊரிலிருந்து நிலத்தை உழுது, முதியோரைப் பேணி, கடனடைத்த சகோதரனின் உழைப்பை நாம் மறக்கவில்லை. அவன் செலவழித்ததைக் கணக்கிட்டுத் தருவதும், பிறர் பங்கை அவனுக்கே முதலில் குத்தகைக்கு விடுவதும் நியாயம். ஆனால் அவ்வுழைப்புக்கு ஈடாகத் தங்கையின் பெயரைக் காகிதத்திலிருந்து நீக்குவதை எக்காரணம் கொண்டும் ஏற்க மாட்டோம்.

வெளிநாட்டில் இருப்போரும் அசட்டையாயிருத்தல் ஆகாது. இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற பவர் பத்திரம் இங்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். பாகப்பிரிவினைக்கு மட்டும் அதிகாரம் தேவைப்படுகையில் விற்கும் அதிகாரத்தையும் சேர்த்து எழுதிவிட வேண்டாம். கூட்டுப் பங்காளி நிலத்தை அனுபவிப்பதனால் மட்டும் மற்றவர் உரிமை போய்விடாதெனினும், உமக்குப் பங்கில்லை என்று அவர் வெளிப்படையாக மறுத்தது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டுகள் வாளாவிருந்தால் வழக்குரிமையே அற்றுப்போகும்.

கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினரைப் பற்றியும் சொல்லவேண்டியது உண்டு. 1956ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாமையால், அப்பழங்குடிப் பெண்மக்கள் திருப்பூரில் வேலை செய்தாலும் துபாயில் வேலை செய்தாலும் மேற்சொன்ன சட்டப் பாதுகாப்பு அவர்களுக்குக் கிட்டுவதில்லை. இவ்விலக்கைப் பரிசீலிக்குமாறு 2022இல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. அப்பரிசீலனையை மலைவாழ் பெண்களையே கலந்து விரைவில் முடிக்க வேண்டுமென்று எம் சங்கம் கோருகிறது.