முதலில் நிரூபி என்னும் தடை

மக்கள் உடல்நலத்துக்காக ஓர் அரசு விதி கொண்டுவந்தால், அது பலன் தரும் என்று முன்கூட்டியே நிரூபித்திருக்க வேண்டும். இல்லையென்றால் நட்டப்பட்ட நிறுவனத்துக்கு ஈடு தர வேண்டும். படித்தவர்களில் பலர் இதை நியாயம் என்றே நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை நியாயமற்றது, ஆபத்தானதும்கூட.

உருகுவேயைப் பாருங்கள். சுமார் 35 லட்சம் மக்கள் வாழும் நாடு. ‘லைட்’, ‘மைல்டு’ என்ற சொற்களுக்குத் தடை வந்ததும் சிகரெட் நிறுவனங்கள் நிறத்துக்குத் தாவின. தங்க நிறப் பெட்டி, நீல நிறப் பெட்டி என்று வந்தது. ‘இதில் தீங்கு குறைவு’ என்ற மயக்கம் மட்டும் அப்படியே இருந்தது. எனவே 2008இல், ஒரு பிராண்டுக்கு ஒரே வகைதான் என்று விதித்தது உருகுவே. 2009இல் பெட்டியின் 50 சதவீதத்தில் இருந்த எச்சரிக்கை 80 சதவீதமானது. தன் 13 வகைகளில் ஏழு வகைகளை நிறுத்த நேர்ந்த பிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனம், சுவிட்சர்லாந்து–உருகுவே முதலீட்டு ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு 2010இல் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது.

உள்நாட்டில் ஆய்வு செய்தீர்களா, கூட்டக் குறிப்புகள் எங்கே, புகைப்பழக்கம் குறைந்தது இந்த விதியால்தானா என்பதே அங்கு எழுந்த வாதங்களின் சாரம். ஒரு பிராண்டுக்கு ஒரே வகை என்ற விதியை அதற்கு முன் எந்த நாடும் கொண்டுவரவில்லை. இல்லாத விதியின் பலனை யார் எப்படி அளப்பது? வந்த பிறகும் பிரித்து அளக்க முடியாது. 2006இல் மூடிய பொது இடங்களில் புகைக்கத் தடை, பிறகு வரி உயர்வு, பட எச்சரிக்கை என எல்லாமே அடுத்தடுத்து வந்தன. நுரையீரல் புற்றுநோயோ பல பத்தாண்டுகள் கழித்து வெளிப்படுவது. அதுவரை காத்திருக்கச் சொல்வது, விதியே வேண்டாம் என்று சொல்வதுதான்.

சான்று கேட்டவர் யார் என்பதையும் மறக்கக் கூடாது. சிகரெட்டின் தீங்கைப் பற்றியும் ‘லைட்’ வகைகளைப் பற்றியும் பல பத்தாண்டுகள் மக்களை ஏமாற்றியவை என்று 2006இல் அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் தீர்ப்பளித்த நிறுவனங்களில், அன்று அதே குழுமத்தில் இருந்த பிலிப் மோரிஸ் யுஎஸ்ஏவும் ஒன்று.

2016 ஜூலை 8 அன்று உருகுவே வென்றது. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையே சான்றின் மேல் எழுந்தது. வசதி குறைந்த நாடு அதை நம்பிச் செயல்படலாம், தனியாக ஆய்வு நடத்தத் தேவையில்லை என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. விதி வந்த நேரத்தில் அது நியாயமான முயற்சியா என்பதுதான் கேள்வி. பிறகு கிடைத்த பலன் அல்ல. ஆனால் மூன்று நடுவர்களில் ஒருவரான கேரி பார்ன், ஒரே வகை விதி தன்னிச்சையானது என்று மாறுபட்டார். இன்னொருவரும் அவர் பக்கம் சாய்ந்திருந்தால் முடிவே வேறு.

அப்படியானால் அரசு நினைத்ததையெல்லாம் செய்யலாமா என்பார்கள். கூடாது. உள்நோக்கம் இருந்ததா, வெளிநாட்டு நிறுவனத்தை மட்டும் குறிவைத்ததா, அறிவியலோடு தொடர்பே இல்லையா என்று மன்றம் தாராளமாக விசாரிக்கட்டும். அதைக் காட்டும் பொறுப்பு வழக்குப் போட்டவருடையது.

‘முதலில் நிரூபி’ என்ற இந்த நம்பிக்கை நம் ஊரிலும் உண்டு. சிகரெட் பெட்டியில் எச்சரிக்கைப் படத்தைப் பெரிதாக்கும் பேச்சு எழுந்தபோது, புகையிலையால் புற்றுநோய் வரும் என்பதற்கு இந்திய ஆய்வு இல்லை என்று 2015இல் நாடாளுமன்றக் குழுத் தலைவர் ஒருவரே சொன்னார். நுரையீரலுக்கு ஏது தேசம்?

வென்றும் உருகுவேக்கு முழுச் செலவு திரும்பவில்லை. ஒரு கோடி டாலருக்கு மேல் செலவு. திருப்பித் தர உத்தரவானது 70 லட்சம். வழக்காடவே ப்ளூம்பெர்க் அறக்கட்டளையின் பண உதவி தேவைப்பட்டது. வழக்கு வருமோ என்ற அச்சமும் விதிகளைத் தள்ளிப்போடும். பிராண்டுச் சின்னம் இல்லாத வெற்றுப் பெட்டி விதிக்காக ஆஸ்திரேலியா மீது தொடுக்கப்பட்ட வழக்கு எப்படி முடியும் என்று பார்த்திருந்த நியூசிலாந்தில், 2013இல் அறிவித்த அதே போன்ற திட்டம் 2018இல்தான் நடைமுறைக்கு வந்தது.

2016இல் கையெழுத்தான பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தம், புகையிலைக் கட்டுப்பாட்டுக்கு எதிரான இத்தகைய வழக்குகளை அரசுகள் மறுக்க இடம் தந்தது. அந்த விலக்கு புகையிலைக்கு மட்டும். மதுவுக்கும் சர்க்கரைப் பானங்களுக்கும் நாளை ஒரு நாடு கடும் எச்சரிக்கை போட்டால், அதே பழைய கேள்விகள் அதன் முன் வந்து நிற்கும். இனி எழுதும் முதலீட்டு ஒப்பந்தங்களில் பொதுச் சுகாதாரம் முழுவதற்கும் அந்த விலக்கு வேண்டும்.