சுனாமியில் பிறந்த மென்பொருள்

மென்பொருளைச் சிறு சிறு பகுதிகளாகக் கட்டும் ‘அஜைல்’ முறை என்றாலே நமது மென்பொருள் நிறுவனங்களில் காலைக் கூட்டமும் சுவரில் ஒட்டும் மஞ்சள் தாள்களும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அதன் சாரத்தை வேறொரு கதையில் காணலாம். 2004 டிசம்பரில் இலங்கைக் கரையை அடித்த சுனாமிக்குச் சில நாட்களிலேயே இலங்கைத் தன்னார்வலர்கள் ‘சஹானா’ என்ற அனர்த்த நிவாரண மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவிக் கோரிக்கை என்று பகுதி பகுதியாகக் கட்டினார்கள். மாதக்கணக்கில் தேவை அறிக்கை எழுத யாருக்கு நேரமிருந்தது? மறு ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெயிட்டியிலும் அது கைகொடுத்தது. 15 நிமிடக் காலைக் கூட்டத்தை முக்கால் மணி நேரம் இழுக்கும் முகாமையாளர்கள் இந்தக் கதையை அறிய வேண்டும். இரண்டு கிழமைக்கொருமுறை, ஓடுகிற ஒன்றைப் பாவிக்கப்போகிறவர் கையில் கொடுங்கள். எந்தப் பெட்டியை நிரப்பத் தடுமாறுகிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அடுத்த வேலைப்பட்டியலை அங்கிருந்து எழுதுங்கள்.