கடித்தது முயல், அடைத்தது யார்?

மைசூரில் வளர்ப்பு விலங்குகளுக்கு வீடு தேடும் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே அச்சில் வார்த்தது போன்ற அறிவிப்பு ஒன்று வருவதுண்டு. கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ தமிழிலோ எழுதப்பட்டிருந்தாலும் செய்தி ஒன்றுதான்: 'முயல்குட்டி, வயது இரண்டரை மாதம். கூட இருந்த முயல் கடித்துவிட்டது. காயம் ஆறி வருகிறது. அன்பான வீடு தேவை.' அதன் கீழே இதயக்குறிகள் குவிகின்றன. மாலைக்குள் யாரோ ஒருவர் குட்டியை ஒரு அட்டைப்பெட்டியில் வாங்கிச் செல்கிறார். அனைவரும் அவரை வாழ்த்துகின்றனர். விவகாரம் இனிதே முடிந்ததாக எண்ணிக் குழு அடுத்த நாய்க்குட்டியைப் பார்க்கப் போய்விடுகிறது.

விவகாரம் முடியவில்லை. அந்த அறிவிப்பின் இரண்டாவது வாக்கியத்தைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். 'கூட இருந்த முயல் கடித்துவிட்டது.' எழுவாய் முயல். 'விடு' என்னும் துணைவினை இங்கே, எவரும் எதிர்பாராத ஒன்று நேர்ந்தது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற தொனியைச் சேர்க்கிறது. 'கூட இருந்த' என்ற பெயரெச்சமோ அம்முயல் தானே நடந்து வந்து குடியேறியது போன்ற தோற்றத்தைத் தருகிறது. இரண்டு முயல்களையும் ஒரே கூண்டில் அடைத்த மனிதர் அந்த வாக்கியத்தில் எங்குமே இல்லை. இலக்கணம் அவரைத் தப்பவிட்டிருக்கிறது. படிப்பவர்களும் தப்பவிடுகின்றனர்.

முயல்கள் ஒன்றையொன்று கடிப்பதில் எதிர்பாராதது ஏதுமில்லை. வீட்டில் வளர்க்கப்படும் முயலின் மூதாதையர் ஐபீரியத் தீபகற்பத்தின் குழிமுயல்கள். மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்பவை. அந்தக் கூட்டத்துக்குள் எல்லையும் படிநிலையும் வகுத்துக்கொண்டு அவற்றைப் பல்லாலும் பின்னங்கால் நகத்தாலும் காப்பவை. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ரோமன் மிகிட்டோவிச் என்னும் ஆய்வாளர் 1950களின் இறுதியிலிருந்து வேலியிட்ட வெளியில் காட்டுக் குழிமுயல் கூட்டங்களைத் தொடர்ந்து கவனித்து எழுதினார். ஆண்களுக்குள் ஒரு படிநிலையும் பெண்களுக்குள் மற்றொரு படிநிலையும் நிலவுவதையும், மோவாயின் கீழுள்ள சுரப்பியை உரசித் தம் எல்லையை அவை மணத்தால் குறிப்பதையும் அவர் பதிவுசெய்தார். வளர்ந்த முயல்கள் குட்டிகளைத் தாக்குவது பற்றியே அவர் பங்கேற்ற தனி ஆய்வு ஒன்று 1972இல் வெளிவந்தது. அரை நூற்றாண்டுக்கு முன்பே அச்சேறிய செய்தியை இன்றும் 'எதிர்பாராதது' என்று சொல்வது அறியாமை. விலங்கை விற்றவரே அப்படிச் சொன்னால் அது வஞ்சகம்.

திறந்த வெளியில் தோற்ற முயல் ஓடிவிடும். சண்டையின் முடிவே அந்த ஓட்டம்தான். இரண்டடிக் கம்பிக் கூண்டில் ஓட இடமில்லை. தோற்றது மூலையில் ஒடுங்குகிறது. எல்லையை விட்டு அது வெளியேறவில்லை என்றே வென்றது புரிந்துகொண்டு மீண்டும் கடிக்கிறது. இயல்பில் சில நொடிகளில் தீர வேண்டிய பூசலைக் கூண்டுதான் படுகாயமாக்குகிறது.

இதை அறியாதவர் யார் என்று கேட்டால் விடை வியப்பளிக்கும். இறைச்சிக்காக முயல் வளர்ப்பவருக்கு இது நன்றாகத் தெரியும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் முயல்களையும் வளர்த்து வருகிறது. தமிழ்நாட்டில் சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயன்ட் முதலிய இனங்களை வளர்க்கும் பண்ணையாளர்கள் பலர் உள்ளனர். வளர்ந்த ஆணுக்குத் தனிக்கூண்டு, பெண்ணுக்குத் தனிக்கூண்டு என்பது பண்ணையின் பாலபாடம். இனச்சேர்க்கைக்குப் பெண்முயலைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுசெல்வார்கள். பெண்ணின் கூண்டில் ஆணை விட்டால் அவள் தன் இடத்தைக் காக்கக் கடித்துக் குதறுவாள் என்று அவர்களுக்குத் தெரியும். கொல்வதற்காக வளர்ப்பவர் பின்பற்றும் இந்தக் குறைந்தபட்ச ஒழுங்கைக் கொஞ்சுவதற்காக விற்பவர் பின்பற்றுவதில்லை. அவர் விற்பது 'ஜோடி'.

'ஜோடி' என்ற இந்தச் சொல்தான் கடைக்காரரின் முதல். ஒன்றை வாங்க வந்தவரிடம் 'தனியாக விட்டால் ஏங்கிச் செத்துவிடும்' என்று சொல்லி இரண்டைக் கொடுக்கிறார். ஐந்தாறு வாரக் குட்டியில் ஆண் பெண் பிரித்தறிவது பழகிய கண்ணுக்கே எளிதன்று. மூன்றரை, நான்கு மாதத்தில் பருவம் எய்தியதும் ஜோடியின் உண்மை வெளிப்படுகிறது. இரண்டும் ஆணாயின் இரத்தம். ஆணும் பெண்ணுமாயின் முப்பத்தொரு நாளில் ஓர் ஈற்று. ஈன்ற அன்றே மீண்டும் கருத்தரிக்க அவளால் இயலும். சில மாதங்களில் ஒரே கூண்டில் தாயும் தந்தையும் இரண்டு ஈற்றுக் குட்டிகளும் நெருக்கியடித்துக் கிடக்கும். அந்நெரிசலில் கடிபட்ட ஒன்றே 'அன்பான வீடு தேவை' என்ற அறிவிப்பாக வந்து சேர்கிறது.

மொழியும் இதில் ஓரளவு உடந்தை. தமிழின் 'முயல்', கன்னடத்தின் 'மொல' இரண்டும் ஒரே வேரின் கிளைகள். இந்நிலத்தின் புதர்க்காடுகளில் தனித்துத் திரியும் கருங்கழுத்து முயலுக்கு இட்ட பெயர் அது. அதன் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும், வளை தோண்டாது. கூண்டில் இருக்கும் குழிமுயலின் குட்டியோ மயிரின்றிக் குருடாய்ப் பிறந்து ஏறத்தாழ பத்து நாளில் கண் விழிக்கும். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும் வெவ்வேறு பேரினங்கள். 'குழிமுயல்' என்ற நல்ல சொல் தமிழில் இருந்தும் புழக்கத்தில் இல்லை. ஆகவே கதையில் கேட்ட முயல், நிலவில் கண்ட முயல், கூண்டில் வாங்கிய முயல் மூன்றும் மனத்தில் ஒன்றாகி, 'சாதுவான பிராணி' என்ற பொதுப்பெயரைப் பெற்றுவிட்டன. இத்தனைக்கும் பாஞ்சாலங்குறிச்சியிலும் விஜயநகரத்திலும் வேட்டை நாயை எதிர்த்து விரட்டிய முயலைக் கண்டே கோட்டையும் நகரும் எழுப்பப்பட்டதாகத்தான் கதை வழங்குகிறது. முயலுக்குப் பல் உண்டு என்பதை முன்னோர் மறக்கவில்லை.

சரி, தத்தெடுப்பவர்மீது என்ன குறை என்று கேட்கலாம். காயம்பட்ட குட்டிக்கு இடம் கொடுப்பது நற்செயல், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த நற்செயலின் முழுக் கணக்கையும் அவரிடம் எவரும் சொல்வதில்லை. முயலின் தோல் மெல்லியது, எளிதில் கிழியும். பல் இறங்கிய சிறு துளை மேலே மூடிக்கொள்ளும்; அடியில் சீழ் கட்டும். முயலின் சீழ் நீர்த்து வழிவதன்று, பன்னீர்க்கட்டி போல இறுகி நிற்பது. மருத்துவர் திறந்து நீக்கினாலன்றித் தீராது. 'காயம் ஆறி வருகிறது' என்று எழுதியவர் மயிரை விலக்கிப் பார்த்தாரா என்பதே ஐயம். ஈரமான காயத்திலும் மலம் ஒட்டிய பின்புறத்திலும் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வைக்கும். நாய்க்குத் தரும் மருந்தை முயலுக்குத் தரலாகாது. பென்சிலின் வகை மருந்தை வாய்வழி கொடுத்தால் குடலின் நுண்ணுயிர்கள் குலைந்து முயல் இறக்கலாம். நாயின் உண்ணிக்குப் பூசும் ஃபிப்ரோனிலும் முயலுக்கு நஞ்சு. பன்னிரண்டு மணி நேரம் தின்னவும் புழுக்கையிடவும் இல்லையென்றால் அது அவசர நிலை. 'நாளைக் காலையில் பார்க்கலாம்' என்பதற்கு அங்கு இடமில்லை. இரையாகும் விலங்கு வலியை மறைக்கும். அது அமைதியாக உட்கார்ந்திருப்பதைப் படம் எடுத்து 'பழகிவிட்டது' என்று பதிவிடுபவர், பற்களை நெரித்து வலி தாங்கும் உயிரைப் படம் எடுத்திருக்கக்கூடும்.

இவற்றையெல்லாம் கற்றுக்கொள்ளலாம், பலர் கற்றும் கொள்கின்றனர். பெரும்பிழை நேர்வது அதற்குப் பின்னர்தான். குட்டி தேறிய இரண்டாவது வாரமே 'பாவம், தனியாக இருக்கிறதே' என்று அதற்கு ஒரு துணை வருகிறது. ஏற்கெனவே வீட்டில் இருந்த முயலோடு நேராகச் சேர்த்துவிடுவதும் உண்டு. எந்தக் காரணத்தால் அக்குட்டி கடிபட்டதோ அதே காரணத்தைக் கருணையின் பெயரால் மீண்டும் அமைத்துக் கொடுக்கும் செயல் அது. எடுத்துச் சொன்னால், 'எங்கள் வீட்டு முயல் அப்படியில்லை' என்பார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. குழிமுயல் கூட்ட விலங்கு. அதை வாழ்நாள் முழுதும் தனிமையில் வைப்பதும் கொடுமையே என்பர். முற்றிலும் சரி. துணை வேண்டும், திணிப்பு வேண்டாம். காயம் முழுதும் ஆற வேண்டும். உரிய வயது வந்ததும் இரண்டுக்கும் கருத்தடை செய்ய வேண்டும். ஆணுக்குச் செய்த பின்னும் சில வாரங்கள் கருவுறச் செய்யும் ஆற்றல் எஞ்சியிருக்கும் என்பதால் அதுவரை பிரித்தே வைக்க வேண்டும். கம்பி வழியே கடிக்க முடியாத இடைவெளியில் இரு கூண்டுகளையும் அருகருகே வைத்து ஒன்றின் மணத்துக்கு மற்றொன்றைப் பழக்க வேண்டும். பின்னர் எதனுடைய எல்லையாகவும் இல்லாத புது இடத்தில், ஆள் அருகிலிருக்க, நாளுக்குச் சில நிமிடங்கள் சந்திக்கவிட வேண்டும். இதற்கு மாதங்கள் ஆகலாம். சில இணைகள் ஒருபோதும் சேரா. அந்தப் பொறுமையும் செலவும் இயலாதவர் ஒற்றைக் குட்டிக்குத் தம் நேரத்தையே துணையாகக் கொடுக்கட்டும். கடிக்கும் துணையைவிட அது மேல்.

இனி அறிவிப்பில் இடமே பெறாத மற்றொரு முயல், அதாவது கடித்தது. குட்டிக்கு வீடு கிடைத்தது. 'பொல்லாத'தற்கு என்ன ஆயிற்று? எவரும் கேட்பதில்லை. 'காட்டில் விட்டுவிட்டோம்' என்று நிம்மதியாகச் சொல்பவர்களும் உண்டு. சிறுத்தை நடமாடும் சாமுண்டி மலைச் சரிவில் ஒரு வெள்ளை முயலை விடுவதற்குப் பெயர் விடுதலையன்று. கூண்டிலேயே பிறந்த அதற்கு வளையும் தெரியாது, இரையெடுக்க வரும் பருந்தையும் தெரியாது. எல்லையைக் காத்தது என்பதைத் தவிர அது செய்த குற்றம் ஒன்றுமில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் போதிய இடமில்லாத கூண்டில் அடைப்பதையும் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவதையும் குற்றம் என்கிறது. முதல் முறை தண்டம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. கூண்டுக்குள் வைக்கும் ஒரு கட்டுக் கீரையின் விலை. 2018இன் செல்லப்பிராணிக் கடை விதிகள் முயலையும் பெயர் சொல்லிச் சேர்த்து, மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் கடை நடத்தக்கூடாது என்கின்றன. சந்தையில் முயல் விற்பவரிடம் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், அது முயற்கொம்பு.

ஆகவே செய்ய வேண்டியவை சில. தத்துக் கொடுப்பவர் குட்டியின் வயது, பால், கடித்த முயலின் பால், எத்தனை நாள் எந்த அளவுக் கூண்டில் சேர்ந்திருந்தன, எந்த மருத்துவர் என்ன மருந்து கொடுத்தார், கடித்த முயல் இப்போது எங்கே என்பவற்றை எழுத வேண்டும். எழுதாத அறிவிப்பைக் குழுவை நடத்துபவர் வெளியிடக் கூடாது. பெறுபவர் எட்டுப் பத்து ஆண்டுகள் வாழக்கூடிய ஓர் உயிரைப் பெறுகிறோம் என்று அறிந்து, முயல் பார்க்கும் மருத்துவரை முன்கூட்டியே தேடி வைக்க வேண்டும். விற்பவரிடம் ஜோடி வாங்குவதை எல்லோரும் நிறுத்த வேண்டும்.

'தத்து' என்னும் வடசொல்லின் மூலப்பொருள் 'கொடுக்கப்பட்டது'. தமிழில் அதனோடு 'எடுத்தல்' சேர்ந்ததும் பார்வை முழுதும் எடுப்பவர்மீது குவிந்து, கொடுத்தவர் நிழலில் நின்றுவிட்டார். அடுத்த அறிவிப்பு வரும்போது இதயக்குறி இடும் முன் ஒரு கேள்வியை இடுங்கள்: இரண்டையும் ஒரே கூண்டில் அடைத்தது யார்? அந்த எழுவாய் வாக்கியத்துக்குள் வந்தால்தான் அடுத்த குட்டி கடிபடாமல் இருக்கும்.