கப்பலில் சாப்பாடு, கரையில் செல்ஃபி

சாண்டோரினி என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது வெள்ளைச் சுவர், நீலக் கூரை, சூரிய அஸ்தமனம். கேலண்டர் புண்ணியம்! அந்தத் தீவில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சுமார் 15,000 பேர். 2023ல் மட்டும் சொகுசுக் கப்பல்களில் வந்து எட்டிப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 13 லட்சம். 2024 ஜூலையில் ஒருநாள் கூட்டம் எக்கச்சக்கமாக வரப்போகிறது என்று தெரிந்ததும், உள்ளூர் நிர்வாகி ஒருவர் ஊர்க்காரர்களிடம் "வெளியே நடமாடுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று ஃபேஸ்புக்கில் எழுதி, திட்டு வாங்கி, அழித்தும் விட்டார். சொந்த ஊரிலேயே ஊரடங்கு, விருந்தாளிகளுக்காக!

கூட்டத்தைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. இங்கே சண்டை வேறு: இத்தனை பேர் வந்து எதைப் பார்த்தார்கள், எதைச் சாப்பிட்டார்கள்?

பெரிய கப்பல்கள் எரிமலைப் பள்ளத்துக் கடலில் தள்ளி நிற்கும். அங்கிருந்து சின்னப் படகில் கரைக்கு வர வேண்டும். கப்பல் கம்பெனியின் டூர் எடுத்தவர்களுக்கு பஸ் காத்திருக்கும். மற்றவர்கள் கேபிள் கார் வரிசையில் நிற்கலாம், ஐந்நூறுக்கு மேற்பட்ட படி ஏறலாம், அல்லது கழுதை மேல் போகலாம். (பாவம் கழுதை. 100 கிலோவுக்கு மேல் ஏற்றாதே என்று 2018ல் கிரேக்க அரசு விதி போட வேண்டி வந்தது.) சாயங்காலம் கப்பல் கிளம்பிவிடும். வரிசை, பஸ் எல்லாம் போக மிஞ்சுவது நாலைந்து மணி நேரம். அதில் கடை, போட்டோ, ஐஸ்கிரீம். தீவின் தென்கோடியில் இருக்கிற அக்ரோதிரிக்குப் போகிறவர்களும் அரக்கப் பரக்க ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள்.

அக்ரோதிரி சும்மா இடிந்த சுவர் இல்லை மக்களே. சுமார் 3,600 வருஷத்துக்கு முன்னால் எரிமலைச் சாம்பலில் புதைந்த முழு ஊர். 1967ல் ஸ்பிரிடோன் மரினாட்டோஸ் தோண்ட ஆரம்பித்தார். இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகள். ஒரு வீட்டில் மாடியிலேயே கழிப்பறை, அங்கிருந்து மண்குழாய் வழியாகத் தெருச் சாக்கடைக்கு இணைப்பு! சாம்பல் விழுவதற்கு முன்பே ஜனங்கள் கிளம்பிவிட்டார்கள். (2025 பிப்ரவரியில் விடாமல் நிலநடுக்கம் வந்தபோதும் ஆயிரக்கணக்கானவர்கள் இதே தீவைவிட்டுப் படகேறினார்கள்.) போனவர்கள் எடுத்துப் போக முடியாமல் விட்டுச்சென்றதில் முக்கியமானது சமையலறை. ஆள் உயரத் தாழிகள், கருகிய தானியங்கள், சுவரில் இரண்டு கையிலும் மீன் கொத்தோடு நிற்கும் பையன் ஓவியம், கம்பியில் இறைச்சி சுடுவதற்கு மிருகத் தலை வைத்துச் செய்த மண் தாங்கிகள்.

அந்தக் கருகிய தானியங்களில் ஒன்று, தீவுக்காரர்கள் இன்றைக்கும் 'ஃபாவா' என்று விளைவிக்கிற அதே பருப்பு! வேகவைத்து, மசித்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, மேலே வெங்காயம் தூவிக் கொடுப்பார்கள். பார்க்க நம் வீட்டுப் பருப்புக் கடைசல் மாதிரியே இருக்கும். தெருமுனை சுவ்லாக்கிக் கடையும் அந்த மண் தாங்கியின் பேரன்தான். எல்லாமே பழசு என்று கதை விட வேண்டாம். தக்காளி வடைக்கான தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வெகு பின்னால் வந்தது. ஆனால் பாசனமே இல்லாமல், எரிமலை மண் பிடித்து வைக்கிற ஈரத்தில் விளைகிற அந்தக் குட்டித் தக்காளியை வேறு எங்கே போய்ச் சாப்பிடுவது?

ஆக அக்ரோதிரியில் பாதி அகழாய்வுக் கூடத்தில் இருக்கிறது, மீதி சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது. கப்பல் அட்டவணை முதல் பாதியைக் காட்டிவிட்டு, இரண்டாவது பாதிக்கு "கப்பலில் பஃபே ரெடி" என்று திரும்பக் கூப்பிடுகிறது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. டிக்கெட்டிலேயே மூன்று வேளைச் சாப்பாடும் அடக்கம். கரையில் சாப்பிட்டால் அது பயணிக்குக் கூடுதல் செலவு. கப்பலில் சாப்பிட்டால் 'இலவசம்'. ஏற்கனவே கொடுத்துத் தொலைத்த காசு இனி எடுக்கும் முடிவைப் பாதிக்கக் கூடாது என்று காமர்ஸ் புத்தகம் சொல்லும். பசி வந்தால் புத்தகம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? குப்பை, தண்ணீர், ரோடு எல்லாம் தீவின் செலவுக் கணக்கில். சாப்பாட்டு வரவு கப்பல் கம்பெனிக்கு. ஃபாவா விதைக்கிறவருக்கு லெட்ஜரில் ஒரு வரிகூடக் கிடையாது. அவர் வயலை வில்லா கட்டக் கொடுத்துவிட்டால் யார் மேல் கோபப்படுவது?

"ஒரே வாரத்தில் நாலு தீவு பார்க்க நடுத்தர வர்க்கத்துக்குக் கப்பல்தான் கட்டுப்படியாகும்" என்று ஒரு வாதம் வரும். நியாயம்தான். யாரும் வராதே என்று சொல்லவில்லையே. "தீவில் சாப்பாடு கொள்ளை விலை" என்று இன்னொன்று. பள்ளத்தைப் பார்த்த மேஜைக்கு அது உண்மை. அக்ரோதிரி கூடத்திலிருந்து கொஞ்சம் இறங்கினால் கடலோரம் மீன் கடைகள் இருக்கின்றன. அங்கே காட்சிக்குத் தனிக் காசு வாங்குவதில்லை.

அரசாங்கத்தின் மருந்து? ஒரு நாளைக்கு 8,000 கப்பல் பயணிகள் என்ற உச்சவரம்பு. 2025 ஜூலையிலிருந்து கோடை சீசனில் தலைக்கு 20 யூரோ வரி. வரம்பு சரி. ஆனால் வரி, ஏற்கனவே கொடுத்த காசின் பட்டியலில் இன்னொரு வரியாகச் சேர்ந்துவிடும். 20 யூரோ அழுதவன் கரையில் இன்னும் பத்து யூரோ செலவழிப்பானா, கப்பலுக்கு ஓடுவானா?

அதற்குப் பதில், இறங்கும் நாளின் மதியச் சாப்பாட்டுக் காசை டிக்கெட்டிலிருந்து எடுத்து, தீவுக் கடைகளில் மட்டும் செல்லும் கூப்பனாகப் பயணி கையில் கொடுக்கச் சொல்லலாம். கப்பல் கிளம்பும் நேரத்தையும் ராத்திரி பத்துக்குத் தள்ளச் சொல்லலாம். கம்பெனிக்கு ஒரு வேளைச் சமையல் மிச்சம். கூப்பனை ஃபாவாவாக மாற்றுவதா, சுவ்லாக்கியாக மாற்றுவதா என்பது அவரவர் இஷ்டம் :-)