வேகத்துக்கும் ஒரு பாடு வேண்டும்

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு வரும் சாலையை விடிகாலையில் பார்த்தவர்கள், அது வாகனங்களுக்கு மட்டும் உரிய சாலை அன்று என்பதை அறிவார்கள். இறாலும் நண்டும் நிறைந்த கூடைகளோடு பெண்கள் ஓரமாக நடப்பார்கள். ஐஸ் பெட்டி ஏற்றிய சிறு வண்டிகள் வழியெல்லாம் மீன்நீரைச் சொட்டிக்கொண்டே போகும். சைக்கிளில் செல்லும் பிள்ளைகள், மேயப் புறப்பட்ட மாடுகள், காற்று கொண்டுவந்து தார்மேல் விரித்த மெல்லிய மணல் ஆகிய எல்லாவற்றுக்கும் அந்தச் சாலையில் இடம் உண்டு. விடுமுறை நாள்களில் இதே சாலைக்குச் சில நேரம் நகரத்திலிருந்து விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களும் வருகின்றன.

அப்படி ஒரு கார் வந்த காலையின் விளைவை எங்கள் விபத்துச் சிகிச்சைப் பிரிவு கண்டது. எவரையும் அடையாளம் காட்டாமல் சுருக்கமாகச் சொல்கிறோம். ஓட்டியவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் இளைஞர். மது அருந்தவில்லை, உரிமம் வைத்திருந்தார், யாரோடும் பந்தயம் கட்டவும் இல்லை. வளைவில் எவ்வளவு வேகம் வரை தம் கார் பிடிவிடாமல் திரும்பும் என்று அறிய விரும்பினார், அவ்வளவுதான். மணல் படிந்த இடத்தில் பின்சக்கரங்கள் வழுக்கின. ஓரமாகச் சென்றுகொண்டிருந்த மீனவப் பெண்ணுக்கு இடுப்பெலும்பும் தொடையெலும்பும் முறிந்தன. இளைஞருக்கு முதுகெலும்பில் முறிவு. இருவரும் உயிர் பிழைத்தார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே இரு குடும்பங்களும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்தன. இரண்டாம் நாள் அப்பெண்ணின் அக்கா, இளைஞரின் தந்தையைப் பார்த்து, “ஏன் சார், இத ஓட்டிப் பாக்க அந்தப் புள்ளைக்கு வேற எடமே கெடைக்கலையா?” என்று கேட்டார். அதில் வசை இல்லை. விடை தேடும் கேள்வியாகவே அது இருந்தது. தந்தையால் பதில் சொல்ல இயலவில்லை. அருகிலிருந்த எங்களாலும் அன்று சொல்ல முடியவில்லை. இக்கட்டுரை அந்தப் பதிலுக்கான முயற்சி.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு வாகனத்தின் திறனை அதன் எல்லை வரை அறிய விரும்புவது குற்றம் அன்று. படகோட்டி புதுப் படகின் சாய்வை அறிய விரும்புவதைப் போன்றதே அதுவும். ஆனால் இந்த விருப்பத்துக்கு ஓர் இயல்பு உண்டு. எல்லை எங்கே இருக்கிறது என்பதை அறிய, அதைச் சற்றேனும் கடந்தாக வேண்டும். ஆகவே, கடந்துவிட்டால் மன்னிக்கக்கூடிய இடம் வேண்டும். பொதுச்சாலை ஒருபோதும் அப்படிப்பட்ட இடமாக இராது.

காரணம் எளிய இயற்பியல்தான். டயருக்குச் சாலைமேல் இருக்கும் பிடிப்பு ஓர் அளவுக்கு உட்பட்டது. பிரேக் பிடிப்பதற்கும் திரும்புவதற்கும் அந்த ஒரே பிடிப்பைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். வேகம் இருமடங்கானால், அதே வளைவில் திரும்ப நான்கு மடங்கு பிடிப்புத் தேவைப்படும். பிடிப்புப் போதாதபோது முன்சக்கரங்கள் வழுக்கினால், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே போகும். பின்சக்கரங்கள் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். உலர்ந்த நல்ல சாலையில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஒரு நொடி எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ 37 மீட்டரில் நிற்கும். 120 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க ஏறத்தாழ 113 மீட்டர் வேண்டும். மணலும் மீன்நீரும் இருந்தால் இந்தத் தொலைவு இன்னும் நீளும். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய காராயினும், டயருக்கும் தாருக்கும் இடையே மணல் புகுந்த பிறகு அந்த விலையால் பயன் இல்லை.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் பத்துக்கு ஏழு பேரின் இறப்புக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியுள்ளது. சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு, அரசின் எழுத்துமூல இசைவின்றிப் பொது இடத்தில் பந்தயம் நடத்துவதையும் வேகத்தைச் சோதித்துப் பார்ப்பதையும் தடை செய்கிறது. முதல் முறை பிடிபட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

அப்படியானால் வேறு இடம் இருக்கிறதா? இருக்கிறது. அது இந்த வட்டாரத்தின் பழைய கதையும்கூட. சென்னையிலிருந்து பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் கடந்து வரும் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று உண்டு. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல்லாண்டுகள் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்தியது. ஓடுபாதையைத் தேர்ந்ததில் பொருள் இருக்கிறது. அது அகலமானது, சமதளமானது. மரமோ மதிலோ எதிர்வரும் வண்டியோ அதில் இல்லை. தவறு செய்தவர் வழுக்கிச் சென்று நிற்க வெற்றிடம் இருந்தது.

பின்னர் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில், 1990-இல், இதற்கெனவே அமைத்த ஓடுதளம் திறக்கப்பட்டது. அதன் ஒரு சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005-இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் நம் மாநிலத்தவர் என்பதை அறிவோம். அத்தகைய வீரர்கள் தம் திறனைத் தீட்டியது இதுபோன்ற களங்களில்தான். பந்தய வீரர் அல்லாதவர்களும் தம் சொந்தக் காரைக் கொண்டுவந்து, பயிற்றுநர் துணையோடு ஓட்டிப் பார்க்கும் நாள்கள் இத்தகைய களங்களில் நடத்தப்படுகின்றன. 2024 ஆகஸ்டு இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நகரச் சாலைகளிலேயே பந்தயம் நடந்தது உண்மைதான். ஆனால் அச்சாலைகளை முற்றிலும் மூடி, இருபுறமும் தடுப்புகள் எழுப்பிய பின்னரே கார்கள் இறங்கின. எவரும் குறுக்கே வர இயலாது என்று உறுதியான பிறகுதான் சாலை களமாகிறது.

களம் என்றால் ஆபத்தே இல்லை என்று பொருளாகாது. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையிலேயே, மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஓடிய 13 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். அதை மறைத்துவிட்டு இக்கட்டுரையை எழுதுவது நேர்மை ஆகாது. சிறுவர்களை எந்த வயதில் இதில் இறக்குவது என்பதில் பெரியவர்கள் மிகுந்த எச்சரிக்கை கொள்ள வேண்டும். எனினும் ஒரு வேறுபாடு இருக்கிறது. களத்தில் எல்லா வண்டியும் ஒரே திசையில் செல்கின்றன. ஓட்டுநர் தலைக்கவசம் அணிகிறார். கொடி காட்டி எச்சரிக்க ஆள் நிற்கிறார். ஆம்புலன்சும் மருத்துவரும் காத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே ஆபத்தை ஏற்பவர் தாமே விரும்பி ஏற்கிறார். கூடை சுமந்து நடந்த பெண் எதையும் விரும்பி ஏற்கவில்லை.

இதைப் பழவேற்காட்டு மக்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்பதை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ வழக்கம் இங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. நீர் பொதுவானது என்பதற்காக யாரும் எங்கும் எப்போதும் வலை வீசலாம் என்று ஆகிவிடாது. பொதுவானது என்பதாலேயே அதற்கு முறை தேவைப்படுகிறது. சாலையும் பொதுவானதுதான். முறை தவறினால் நேர்வது என்ன என்பதையும் இவ்வூர் அறியும். 2011 டிசம்பர் 25 அன்று, சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். படகில் செல்ல விரும்பியது அவர்கள் தவறன்று. அந்த மகிழ்ச்சிக்குக் காவலாக இருந்திருக்க வேண்டிய ஒழுங்கு இல்லாமற் போனதே தவறு.

“அப்படியானால் ஏரிக்கரையிலேயே ஓர் ஓடுதளம் அமைக்கலாமே” என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. இது பூநாரைகள் வந்திறங்கும் பறவைகள் சரணாலயம். மீனவர் வலை உலர்த்தும் வாழ்விடம். வெறுமையாகத் தெரியும் நிலமெல்லாம் வெற்றுநிலம் அன்று. இருக்கும் களங்களை அடிக்கடி, நடுத்தரக் குடும்பத்தாலும் இயலும் கட்டணத்தில், பொதுமக்களுக்குத் திறந்துவிட்டாலே போதும். வேகமான காரையோ பைக்கையோ விற்கும் நிறுவனங்கள், சாவியோடு ஒருநாள் களப்பயிற்சியையும் சேர்த்தே தர வேண்டும் என்பது எங்கள் கருத்து.

குடும்பத்தினரிடம் சில சொல்ல விரும்புகிறோம். வேகத்தை விரும்பும் பிள்ளையை ஏசுவதால் அவன் விருப்பம் மறையாது. அதிகாலையில் சொல்லாமல் கிளம்புவான், அவ்வளவே. அவன் எங்கே ஓட்டுகிறான் என்று கேளுங்கள். முறையான பயிற்சிக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். தலையில் அடிபட்டுத் தேறிவருவோர், வலிப்பு வந்தவர், தூக்கம் வரவழைக்கும் மாத்திரை உட்கொள்வோர் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் எந்த வண்டியையும் ஓட்ட வேண்டாம்.

விபத்தைக் காண நேர்ந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். தீப்பற்றும் அபாயம் போன்ற அவசரம் இருந்தாலன்றி அடிபட்டவரை இழுத்துத் தூக்காதீர்கள். கழுத்தும் முதுகும் அசையாமல் இருப்பது பின்னாளில் அவர் நடப்பதைத் தீர்மானிக்கலாம். நல்லெண்ணத்தோடு உதவுவோருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சைக்கு, அரசு நிர்ணயித்த வரம்பு வரை, கட்டணம் இல்லை. பணம் இல்லையே என்று தயங்கி நேரத்தை இழக்க வேண்டாம்.

அப்பெண் இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். கூடை தூக்க இன்னும் பல மாதங்கள் ஆகும். இளைஞர் இடுப்புப்பட்டை அணிந்து இயன்முறைச் சிகிச்சைக்கு வருகிறார். சொந்தக் காரோடு ஒரு களத்துக்குப் போக முடியும் என்பது தமக்குத் தெரியாது என்று அவர் எங்களிடம் சொன்னார். யாரும் சொன்னதில்லையாம். கார் வாங்கித் தந்தவர், விற்றவர், உரிமம் தந்தவர் என்று பெரியவர்கள் பலர் அவருக்கும் அந்தச் சாலைக்கும் இடையே இருந்திருக்கிறார்கள். அந்த அக்காவின் கேள்விக்கு இப்போது எங்களிடம் பதில் இருக்கிறது: வேறு இடம் இருந்தது, அம்மா. அதைப் பிள்ளைக்குக் காட்டாமல் விட்டது பெரியவர்களாகிய நாங்கள்.